நேசமலர் கேட்ட கேள்வி

மார்ச் 10, ஞாயிறு

லெந்து என்கிற தவக்காலத்தின் முதல் ஞாயிறு. புதிய குருவானவர் டைட்டஸ் ஐயர் இன்று பிரசங்கபீடத்தில் நின்று நரகத்து நெருப்பையே அணைத்துவிட்டார்.

வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. நாற்பது வயதிருக்கும். நரகம் என்று நாம் படிக்கும் சொல், எருசலேமுக்கு வெளியே இருந்த ஒரு பள்ளத்தாக்கின் பெயராம். பழைய ராஜாக்கள் அங்கே பிள்ளைகளைத் தீயில் பலி கொடுத்தார்களாம். இயேசு அந்த இடத்தின் பெயரைச் சொன்னதும் கேட்டவர்களுக்கு உடம்பு நடுங்கியிருக்கும், அதற்காகத்தான் சொன்னார், மற்றபடி ஆட்களைப் போட்டு எரிக்க அடுப்பு மூட்டி வைத்திருக்கிறவர் அல்ல நம் பிதா என்கிறார். தேவனை விட்டு விலகி இருப்பதுதான் நரகமாம். அக்கினி உவமையாம்.

ஆராதனை முடிந்து வாசலில் ஐயரின் கையை முதலில் பிடித்துக் குலுக்கியவன் ஆல்வின் தனசிங். "அருமையான செய்தி ஐயரே. மனசு லேசாயிட்டு" என்றான். எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னான்.

ஆல்வின் என் மகள் ஜெசிந்தாவின் புருஷனாக இருந்தவன். மொத்த மளிகை, நாலு லாரி, சபைக் கமிட்டியில் நாற்காலி. அவன் வீட்டுக் கிணற்றில் ஜெசிந்தா தவறி விழுந்து இறந்து பதினோரு வருடம் ஆகிறது. வருடம் திரும்புமுன் நேசமலர் என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான்.

நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. யாரிடமும் முறையிடவில்லை. அவனுக்கென்று ஓர் இடம் ஆயத்தமாயிருக்கிறது என்று தெரிந்ததால் பொறுத்திருந்தேன். இன்று ஒரு மனுஷன் அரைமணி நேரத்தில் அந்த இடமே இல்லை என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

மார்ச் 11, திங்கள்

வேதத்தில் நரகம் வரும் இடங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். முருங்கைக்கீரை தீய்ந்துவிட்டது.

மார்ச் 13, புதன்

லெந்து கூட்டம். கேள்வி கேட்கலாம் என்றார் ஐயர். எழுந்தேன்.

"நித்திய ஜீவன் நிஜமா, உவமையா ஐயா?"

"நிஜம்தான் வயலட் டீச்சர்."

"அதே வசனத்துலதான் நித்திய ஆக்கினைன்னு தண்டனையும் இருக்கு. ஒரே வாக்கியத்துல பாதி நிஜம், பாதி உவமையா? முப்பது வருசம் கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். சமன்பாட்டுல ஒரு பக்கத்த மட்டும் மாத்த முடியாது."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஐயருக்குக் காது சிவந்தது. ஆனால் அந்த ஆள் விடவில்லை.

"நரகத்துல அக்கினின்னு ஒரு இடத்துல இருக்கு, புறம்பான இருள்னு இன்னொரு இடத்துல இருக்கு. தீ எரியுத இடத்துல இருட்டு எப்படி டீச்சர் இருக்கும்? ரெண்டையும் அப்படியே எடுத்துக்கிட்டா ஒண்ண ஒண்ணு அடிக்குதே."

"சூரியனப் படைச்சவருக்கு வெளிச்சமில்லாத நெருப்பு ஒண்ணு படைக்கத் தெரியாதா?"

ஐயர் கூட்டத்தை ஜெபத்தோடு முடித்துவிட்டார். நான் ஜெயித்தேன் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆல்வின் மட்டும் நான் பேசி முடிக்கும்வரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

மார்ச் 16, சனி

கமிட்டிச் செயலாளர் தவசிமுத்துவைப் போய்ப் பார்த்தேன். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் கமிட்டி கூடுகிறது, பேராயரின் பிரதிநிதி வருகிறார், அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார். "இப்படிப் பேசினா நாளைக்கு எவன் டீச்சர் பாவத்துக்குப் பயப்படுவான்?" என்றும் சொன்னார். உலகத்தில் என்னைத் தவிர இன்னொருவருக்கும் புத்தி இருக்கிறது.

தெருவில் பதினாறு வீடு ஏறி இறங்கிவிட்டேன். முழங்கால் வலிக்கிறது. வலிக்கட்டும். இந்த ஐயர் இந்த ஊரில் ஆவணி மாதம் பார்க்கக் கூடாது.

மார்ச் 19, செவ்வாய்

வீட்டுக்கே வந்துவிட்டார். காபி கொடுக்கவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

"எம்மேல கோவம்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

"கோவமில்ல. உங்கள மாத்தணும்னு பாக்கேன். அதுக்குக் கோவம் எதுக்கு?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு, "நரகத்துல யாராவது இருந்தே ஆகணும்னு நினைக்கீங்களா டீச்சர்?" என்றார்.

"யாருமே இருக்கக் கூடாதுன்னு நீங்க யாருக்காக நினைக்கீங்க?"

டம்ளரைக் கீழே வைத்தார். முன்பு இருந்த சபையில் பதினேழு வயதுப் பையன் ஒருத்தன் பரீட்சையில் தோற்றுத் தூக்குப் போட்டுக்கொண்டானாம். அவன் அம்மா ஞாயிறுதோறும் வாசலில் வழிமறித்து, "எம்புள்ள எங்க ஐயரே? எரிஞ்சிட்டா இருக்கான்?" என்று கேட்பாளாம். சபைச் சட்டப்படி சொல்ல வேண்டிய பதிலை ஒருநாள் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அவள் சமைப்பதை நிறுத்திவிட்டாளாம். அடுப்பைப் பார்த்தாலே அலறுவாளாம்.

"அந்தம்மாவுக்கு வேற பதில் இருக்கான்னு தேடித்தான் மறுபடியும் படிக்கப் போனேன்."

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன். அவரும் புரிந்துகொண்டு கிளம்பினார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

இன்றைக்கும் அந்த ஆள் பிரசங்கம் செய்தார். காது கொடுக்கவில்லை.

வெளியே வரும்போது ஆல்வின், "அத்தே, முட்டு வலி எப்படி இருக்கு? டவுனுக்கு லாரி போகும்போது தைலம் வாங்கியாரச் சொல்லவா?" என்றான். சுற்றிலும் ஆட்கள். அவனுக்கு ஆட்கள் இருந்தால்தான் அன்பு வரும்.

"உன் லாரில வாரது எதுவும் எனக்கு வேண்டாம்."

"பெரியவங்க. என்னமும் சொல்லிட்டுப் போறாங்க" என்றான் மற்றவர்களிடம், மலர்ந்த முகத்தோடு.

பின்னால் நேசமலர் நின்றாள். இந்த வெயிலில் மணிக்கட்டுவரை கைவைத்த ரவிக்கை. மினுக்கு. பத்து வருடமாகப் பிள்ளை இல்லை என்று ஊரில் அவளைப் பேசுகிறார்கள். ஜெசிந்தாவையும் அப்படித்தான் பேசினார்கள்.

மார்ச் 26, செவ்வாய்

மத்தியானம் கதவைத் தட்டியது நேசமலர். என் வீட்டுப் படியை அவள் மிதித்தது இதுவே முதல் தடவை. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவளே வந்து வாசல் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன் டீச்சர். தன்னால சாவுறவங்க நரகத்துக்குத்தான் போவாங்களா?"

"ஆமா."

"நிச்சயமா?"

"நிச்சயமா. எதுக்குக் கேக்க?"

முந்தானையைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "எங்க ஊரு உபதேசியாரு சின்னதுலயே அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. அந்தப் பயத்துலதான் கிணத்தடிக்குப் போனாலும் திரும்பி வந்துருவேன். இந்த ஐயரு அது உவமைன்னு சொன்னாரு பாத்தீங்களா? அதுலருந்து கிணத்த எட்டிப் பாத்தா எனக்குப் பயமே இல்ல. பயமில்லாம இருக்கதுதான் இப்பம் பயமா இருக்கு. நரகம் நெசம்னு நீங்கதான் எல்லார்ட்டயும் சண்ட போடுதீங்க. நீங்க சொன்னா நம்புவேன்."

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். ரவிக்கைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்தாள். இழுத்து மூடிக்கொண்டாள்.

"நரகம் நெசம்தான். மனசுல வேற எதையும் நினைக்காத" என்றேன்.

தலையை ஆட்டினாள். நிம்மதியானது போல்தான் இருந்தது. பிறகு, என்னைக் குத்த வேண்டும் என்று நினைத்துக் கேட்டாள் என்று சொல்ல மாட்டேன், சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள்.

"அப்பம் ஜெசிந்தாக்கா?"

"அவ தவறி விழுந்தா."

"அந்தக் கிணத்துக்கு என் நெஞ்சு ஒசரத்துக்குச் சுவரு இருக்கு டீச்சர். அக்கா காலத்துலயே கட்டுன சுவருதான்."

வெளியே போ என்றேன். போனாள்.

மார்ச் 27, புதன்

குழாயில் தண்ணீர் வந்தது. பிடிக்கவில்லை. கூட்டத்துக்கும் போகவில்லை.

மார்ச் 28, வியாழன்

காலையில் எழுந்து நேரே ஐயர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் செருப்புத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே கத்தினேன்.

"கிணத்தடியில ஒரு பொண்ணுக்கு வேலி இருந்துது ஐயரே. கருக்குமட்டை வேலியோ முள்ளு வேலியோ, அதுதான் அவள உயிரோட வச்சிருந்துது. நீங்க அரைமணி நேரத்துல பிடுங்கிப் போட்டுட்டீங்க. உங்க படிப்புக்கு இதுதான் பலன்."

யார் என்று கேட்டார். சொன்னேன். கையைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

"நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"நரகம் நெசம்னு சொன்னேன்."

"சொல்லிட்டு?"

"அனுப்பிட்டேன்."

"எங்க?"

எங்கே என்றால்? அவள் வீட்டுக்குத்தான். அந்த வீட்டுக்குத்தான். அவர் என்னைத் திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவரோ உள்ளே போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். "ஏறுங்க டீச்சர்" என்றார்.

ஆல்வின் வீட்டு முற்றத்தில் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "வாங்க அத்தே, வாங்க ஐயரே" என்று வெளியே வந்தான்.

"நேசமலரக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றேன்.

"எதுக்கு?"

"என்கூட இருக்கட்டும்."

"எம்பொண்டாட்டி எதுக்கு உங்ககூட இருக்கணும்? ஐயரே, இது குடும்ப விசயம். நீங்க கோயில மட்டும் பாருங்க."

கிணறு அவனுக்குப் பின்னால்தான் இருந்தது. அந்தச் சுவரை நான் பதினோரு வருடமாகப் பார்க்கவில்லை. அவள் சொன்ன உயரம்தான். ஒருத்தி அதில் ஏற வேண்டும். ஏறி நிற்க வேண்டும்.

"எம்மவ இதுல தவறி விழல" என்றேன். மூட்டை தூக்கினவர்கள் நின்றுவிட்டார்கள். "குதிச்சா. நீ அடிச்ச அடி தாங்காம ஏறிக் குதிச்சா. போலீஸ்ல நான் பொய் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க, நான் சொன்னது பொய்."

"கிழவிக்கு மூளை பெரண்டுட்டு" என்றான் ஆல்வின். அதற்குள் நேசமலர் செருப்புகூட இல்லாமல் வெளியே வந்துவிட்டாள். அவன் அவள் கையை எட்டிப் பிடித்தான். ஐயர் நடுவே போய் நின்றார். ஆல்வின் அவர் நெஞ்சில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினான். ஐயர் மல்லாக்க விழுந்தார், கண்ணாடி தெறித்தது. மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் வந்து ஆல்வினின் தோளைப் பிடித்து, "வேண்டாம் மொதலாளி" என்றார். அவ்வளவுதான். ஐயர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வர, நாங்கள் மூன்று பேரும் தெருவில் நடந்து வந்தோம்.

ஏப்ரல் 1, திங்கள்

மகளிர் காவல் நிலையத்தில் நேசமலர் புகார் கொடுத்தாள். டாக்டர் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒழுங்காகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஜெசிந்தாவைப் பற்றி நான் ஆரம்பித்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"நீங்களே தவறி விழுந்தான்னு சொல்லிருக்கீங்களேம்மா. இத்தனை வருசம் கழிச்சு மாத்திச் சொன்னா வக்கீல் உங்களத்தான் குடைவான்."

குடையட்டும் என்றேன்.

நேசமலர் ஜெசிந்தாவின் அறையில் படுக்கிறாள். அவள் வைத்த ரசம் சகிக்கவில்லை. சொன்னேன். "நாளைக்கு நீங்களே வைங்க" என்றாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தவசிமுத்து வந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். ஆல்வின் முன்ஜாமீன் வாங்கிவிட்டானாம். வீடு வீடாகப் போகிறானாம். நரகம் இல்லை என்று சொல்கிற ஐயர் நம் சபைக்கு வேண்டாம், வயலட் டீச்சரே முதலில் சொன்னது இதுதானே என்கிறானாம். நான் ஏறி இறங்கிய அதே வீடுகள். நான் பேசிய அதே வார்த்தைகள். மனசு லேசாகிவிட்டது என்று கை குலுக்கியவன் இப்போது நரகத்துக்காக அழுகிறான்.

"சாட்சி நீங்கதான் சொல்லணும் டீச்சர். சனிக்கிழம வந்துருங்க" என்றார் தவசிமுத்து. இன்னும் போகவில்லை. தயங்கினார்.

"இன்னொண்ணும் பேசுதாங்க. குதிச்சவள எப்படிக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள வச்சீங்கன்னு. மதிலுக்கு வெளிய மாத்தணும்னு ஆல்வினோட அண்ணன் சொல்லுதான்."

"எவன் மண்வெட்டி எடுத்துட்டு வாரான்னு பாப்போம்" என்றேன். அவர் போனதும் நேசமலர் வந்து வாசல் கதவைத் தாழிட்டாள்.

ஏப்ரல் 13, சனி

கமிட்டி அறையில் நின்றுகூடக் கேட்டார்கள். பேராயரின் பிரதிநிதி வயதானவர், காது கொஞ்சம் மந்தம். அதனால் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. டைட்டஸ் ஐயர் ஒட்டுப் போட்ட கண்ணாடியோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆல்வின் முன்வரிசையில், கையில் வேதாகமத்தோடு.

"இவரு நரகம் இல்லன்னு போதிச்சாரா?" என்று பிரதிநிதி என்னைக் கேட்டார்.

"அக்கினி உவமைன்னு சொன்னாரு. அது தப்புன்னு நான் அன்னைக்கே எந்திரிச்சுச் சொன்னேன். இன்னைக்கும் தப்புன்னுதான் நினைக்கேன்."

ஆல்வின் தலையை ஆட்டினான்.

"ஆனா முழுசையும் கேட்டுட்டுப் போங்க" என்றேன். "எம்மவ செத்த அன்னைக்கு அப்பம் இருந்த ஐயரு என்னைத் தனியா கூப்பிட்டாரு. குதிச்சான்னு சொன்னா உள்ள புதைக்க முடியாது, ஆத்துமாவுக்கும் ஈடேற்றமில்ல, தவறி விழுந்தான்னு சொல்லிருங்கன்னாரு. நானும் சொன்னேன். சபையில சொன்னேன், போலீஸ்ல சொன்னேன், கடவுள்ட்டயும் அப்படியே சொன்னேன். அவள நரகத்துக்கு அனுப்பாம இருக்கணும்னு வாய மூடுனேன். நான் வாய மூடுனதுல தப்பிச்சது யாரு? இந்தா உக்காந்திருக்கான். எம்மவளுக்குக் குழியில ஒரு இடம் கிடைச்சுது, இவனுக்கு இன்னொரு பொண்ணு கிடைச்சா."

"சம்பந்தமில்லாமப் பேசுதாங்க" என்று ஆல்வின் எழுந்தான்.

"உக்காரு" என்றார் பிரதிநிதி. பிறகு என்னிடம், மெதுவாக, "சரிம்மா. நரகம் இருக்கா இல்லையா? நீங்க என்ன சொல்லுதீங்க?"

ஊரே என்னைப் பார்த்தது. எத்தனை வருடமாக எத்தனை பேருக்கு இதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"தெரியாது" என்றேன். "எம்மவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்லுதவங்க யாராவது இருந்தா எந்திரிச்சு எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

யாரும் எழவில்லை. ஆல்வினின் அண்ணன்கூட எழவில்லை. பின்னால் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

மத்தியானம் மூன்று மணி நேரம் மும்மணி ஆராதனை. பசியோடு உட்கார்ந்திருந்தேன்.

விசாரணை இருப்பதால் ஆல்வினைக் கமிட்டியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கல்லறையைத் தொடக் கூடாது என்று பிரதிநிதி சொல்லிவிட்டார். டைட்டஸ் ஐயருக்கும் மாற்றல் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சமாதானமாகப் போகட்டும் என்று இப்படி முடித்திருக்கிறார்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. நேசமலரை அவள் தம்பி கூப்பிட வந்தான். போக மாட்டேன் என்றாள். வழக்கு முடிகிறவரைக்கும் என்றாள். முடிந்த பிறகு என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு

விடியற்கால ஆராதனை. ஐயரின் கடைசிப் பிரசங்கம். நரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிந்ததும் போய் நின்றேன்.

"அந்தப் பிரசங்கம் இன்னமும் தப்புதான் ஐயரே."

"அந்தப் பொண்ணு அதைக் கேட்டுட்டு இருப்பான்னு நான் நினைச்சுப் பாக்கல டீச்சர். அது தப்புதான்" என்றார். பிறகு, "ஆல்வினுக்காகவும் ஜெபிக்கப் பாருங்க" என்றார்.

"முடியாது" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அதற்காக அவருக்கு வீட்டில் காபி கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் முழங்கால் போட்டேன். செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்று இத்தனை வருடம் சபைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அவள் பெயரைச் சொன்னால் எப்படிச் செத்தாள் என்றும் சொல்ல வேண்டிவரும் என்று ஜெபத்தில் அந்தப் பெயரையே எடுக்காமல் இருந்தேன். இன்று சொன்னேன். ஜெசிந்தா குதித்தாள் ஆண்டவரே என்று சத்தமாகவே சொன்னேன். அவளுக்கு அந்த அக்கினி வேண்டாம் என்று கேட்டேன். ஆல்வினுக்கு வேண்டும் என்று கேட்டேன். இரண்டையும் ஒரே ஜெபத்தில் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன். எப்படித் தீர்ப்பது என்பது இனி அவர் பாடு.